ஜெர்மனி நம்பரில் வந்த முதலாளி

விமான நிலையத்துச் சிம் கடையின் கண்ணாடி மேசை முன்னால் நின்றுகொண்டு, எங்கள் முதலாளி அந்தச் சின்ன அட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. திருப்பூரில் துணி வாங்குகிற எல்லோரும் அப்படித்தான் தேய்ப்பார்கள். விரலுக்குப் பிடித்தால்தான் விலை பேசுவார்கள். அட்டை வந்த உறையில் ஜி.எஸ்.எம். என்று அச்சடித்திருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஹவ் மச் ஜி.எஸ்.எம்.?" என்று கடைக்கார ஜெர்மன் பெண்ணிடம் கேட்டார். அவள், "யெஸ் சார், ஜி.எஸ்.எம்." என்றாள். "நோ, நோ. ஹவ் மச்? ஒன் எய்ட்டி? டூ ட்வென்ட்டி?" என்றார். அந்தப் பெண் உதவி கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். எங்கள் ஊரில் ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்று அர்த்தம். அதைக் கேட்காமல் அங்கே ஒரு முழம் துணிகூட நகராது. போன்காரர்களும் அதே மூன்றெழுத்தை வேறெதற்கோ வைத்திருக்கிறார்கள் என்று முதலாளிக்கு மெதுவாக எடுத்துச் சொன்னேன். "நம்ம பேர எடுத்துக்கிட்டு நம்மளுக்கே விக்கறானுங்களா தம்பி?" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் இருந்த அவருடைய பனியன் கம்பெனியில் நான் அப்போது மெர்ச்சன்டைசர். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் கேட்பதைக் கம்பெனிக்குப் புரியவைப்பதும், கம்பெனி செய்துவைத்திருப்பதைப் பையர்களுக்குப் புரியவைப்பதும் என் வேலை. இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குத்தான் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். என்னைப் போன்ற பொடியனையும் 'வாங்க, போங்க' என்று கூப்பிடும் ஊரில் முதல் மாதம் முழுக்க யாரோ என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். 'என்னுடைய' என்பதை 'என்ற' என்பார்.

ஜெர்மனியில் நடந்த ஆயத்த ஆடைக் கண்காட்சிக்கு நாங்கள் இருவரும் போவதென்று முடிவானதும், அங்கே போனுக்கு நெட் எப்படி வாங்குவது என்ற பேச்சு கம்பெனியில் தொடங்கியது. ஸ்டால் வாடகைக்குக்கூட அவர் இவ்வளவு யோசிக்கவில்லை. நூல் வாங்குவதற்குக் கொட்டேஷன் கேட்பதுபோல் எல்லா வழிகளையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். நம்மூர் நம்பரிலேயே ரோமிங் போடலாம் என்றேன். "இங்கயும் இவனுக்கே கட்டி, அங்கயும் இவனுக்கே கட்டறதுங்களா? ஒரே ஆளுகிட்ட எல்லாத்தையும் குடுத்தா அவன் தலைமேல ஏறி உக்காந்துக்குவானுங்க" என்றார். ஹோட்டல் வைஃபை போதாதா என்றேன். அடுத்தவர் வீட்டுத் தண்ணீரை நம்பிப் பாத்தி கட்ட முடியாது என்பது அவர் கட்சி. இ-சிம் என்று ஒன்று வந்திருக்கிறது, அட்டையே கிடையாது, போனுக்குள்ளேயே இறங்கிவிடும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கையில தொட்டுப் பாக்க முடியாத சரக்குக்குக் காசு குடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

'அன்லிமிடெட்' என்று போட்ட பிளான்களையும் அவர் நம்பவில்லை. அதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "நூறு பர்சன்ட் காட்டன்னு நானே எத்தனை லேபிள் தெச்சிருக்கறன், எனக்குத் தெரியாதுங்களா? ஒரு தண்ணி அலசுனா எவ்வளவு சுருங்கும்னு கேளுங்க தம்பி." கேட்டேன். குறிப்பிட்ட அளவு தாண்டினால் வேகம் குறைந்துவிடும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. அவர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் நான் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் காரில் போகிற வழியிலேயே இ-சிம் வாங்கி முடித்துவிடுகிறேன். ஆனால் அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்குவதில்லை.

கடைசியில் அங்கே இறங்கியதும் ஒரே ஒரு சிம் வாங்குவது என்று தீர்ப்பானது. எனக்கு? "ஒரு பாய்லர்ல இருந்துதானுங்க எல்லா அயர்ன் டேபிளுக்கும் ஸ்டீம் போகுது. என்ற போன்ல இருந்து நீங்க எடுத்துக்குங்க." ஆக, ஜெர்மனியில் இருந்த நாளெல்லாம் எனக்கு நெட் வேண்டுமென்றால் முதலாளியை விட்டு விலகக் கூடாது. அவர் கழிப்பறைக்குப் போனால் என் மெயில் நின்றுவிடும்.

கிளம்புவதற்கு முன்னால் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கம்பெனி ஒன்றில், முதலாளியின் படத்தை வைத்துக்கொண்டு யாரோ புது நம்பரிலிருந்து மெசேஜ் அனுப்பி, கணக்காளரை ஏமாற்றிப் பெரிய தொகையைப் பிடுங்கிவிட்டார்கள். பயந்துபோன எங்கள் முதலாளி கம்பெனியில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். "வெளிநாட்டு நம்பர் வந்தா எடுக்கவே கூடாதுங்க. என்ற போட்டோ இருந்தாலும் நம்பாதீங்க. என்ற கொரல்லயே பேசுனாலும் நம்பாதீங்க, இப்ப கொரலையும் மிசின்ல பண்ணறானுங்களாமா. மூஞ்சியையும் பண்ணறானுங்களாமா." திருப்பூர் ராயபுரத்து வீட்டுக்குப் போய்த் தன் மனைவிக்கும் அதே வகுப்பை எடுத்திருக்கிறார். கம்பெனி மேனேஜர், முதலாளி வாயிலிருந்து வருவதை அப்படியே மனப்பாடம் செய்கிறவர். அவர் தலையை ஆட்டிய வேகத்தைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

முதலாளி போனில் சிம் போட இரண்டு இடம்தான் இருந்தது. ஒன்றில் பேங்க் நம்பர். அதை எடுத்தால் ஓ.டி.பி. வராது. எனவே ஊரே அறிந்த அவருடைய நம்பர் வெளியே வந்தது, ஜெர்மனி அட்டை உள்ளே போனது. புது நம்பரைக் கண்ட மெசேஜ் செயலி, நம்பரை மாற்றிவிடவா என்று அவரைக் கேட்டிருக்கிறது. சாம்பிளுக்கு ஓ.கே. போடுகிற அதே மிடுக்கோடு, கேட்டதற்கெல்லாம் அவர் ஓ.கே. போட்டுவிட்டார். நான் பெட்டிகளைத் தேடிப் போயிருந்தேன். அதோடு அவர் மெசேஜெல்லாம் ஜெர்மனி நம்பரிலிருந்து போக ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் கண்காட்சியில் எங்கள் பையர் அம்மாள் ஸ்டாலுக்கு வந்தார். அந்த வருடம் வேறு ஆர்டரே இல்லை. பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. தையல்காரர்கள் வேறு கம்பெனி தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாளுடைய குழந்தைச் சட்டை ஆர்டர் ஒன்றுதான் கம்பெனியை ஓட்டிக்கொண்டிருந்தது. மொத்தத் துணிக்கும் கரும்பச்சைச் சாயம் ஏற்ற அன்று சாயங்காலம் சாயப்பட்டறையில் லோடு போடுவதாக ஏற்பாடு. அந்த அம்மாள் சட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பச்சை வேண்டாம், இளமஞ்சளாக்க முடியுமா, இன்னும் சாயம் ஏறவில்லையே என்று கேட்டார். முதலாளி நெஞ்சை நிமிர்த்தி, "நோ ப்ராப்ளம் மேடம். ஒன் போன் கால்" என்றார்.

வெள்ளைத் துணியை எந்தக் கலருக்கும் கொண்டுபோகலாம். கரும்பச்சை ஏறிய துணியை இளமஞ்சளாக்க ஆண்டவனாலும் ஆகாது. திரும்ப நூல் வாங்கி நிட்டிங் மெஷினில் துணி ஓட்டுவதற்குள் கப்பல் போய்விடும், ஆர்டரும் போய்விடும். ஊரில் அப்போதே மத்தியானம் தாண்டியிருந்தது.

முதலாளி மேனேஜருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார், கட் ஆனது. மறுபடி போட்டபோது மணியே போகவில்லை. கம்பெனி குரூப்பில் 'சாயம் நிறுத்தவும்' என்று எழுதினார். அடுத்த நிமிடம் முதலாளி குரூப்பிலிருந்து நீக்கப்பட்டார். முதலாளியை நீக்கிய செய்திக்குக் கீழே கட்டைவிரல் தூக்கி எத்தனை பேர் பாராட்டியிருந்தார்கள் என்பதை என் போனில் பார்த்தேன். அவரிடம் காட்டவில்லை.

என் நம்பர் பழைய நம்பர்தானே என்ற தைரியத்தில் நான் மேனேஜருக்கு எழுதினேன். அது நிஜமாகவே முதலாளிதான், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். உடனே பதில் வந்தது: 'தம்பி, உங்க போனையும் புடிச்சுட்டானுங்க. எதையும் தொடாதீங்க.' வேறு வழியில்லாமல் என் போனிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டேன். நல்லவேளை, எடுத்தார். முதலாளியின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன். மேனேஜர் திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"அருமையாப் பண்ணியிருக்கறீங்க" என்றார். "மூக்கு, மீசை எல்லாம் அப்படியே இருக்குதுங்க. ஆனா எங்க மொதலாளி கோட்டெல்லாம் போட மாட்டாருங்க."

"யோவ், நாந்தானுங்க! கண்காட்சிக்கு வாடகைக்கு எடுத்த கோட்டுங்க இது!" என்று முதலாளி கத்தினார்.

"ஏனுங்க, உங்களுக்கு வேற பொழப்பே இல்லீங்களா? படிச்ச புள்ளைகளாட்டத் தெரியறீங்க. நல்ல வேலைக்குப் போங்க சாமி" என்று சொல்லிவிட்டு வைத்தார் மேனேஜர். திருடன் என்று முடிவு கட்டிய பிறகும் அவர் மரியாதையைக் குறைக்கவில்லை. அதற்குப் பிறகு என் நம்பரும் போகவில்லை. சாயப்பட்டறை நம்பர் மேனேஜரிடம்தான் இருந்தது; பழைய சிம்மைப் போட்டு ரோமிங் வாங்கி அது வேலை செய்வதற்குள் லோடு ஏறிவிடும்.

முதலாளி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "நல்லாத்தான் ட்ரெயினிங் குடுத்திருக்கறன்" என்றார். அதில் பாதி பெருமை, பாதி அழுகை. வீட்டுக்குப் போட்டுப் பாருங்களேன் என்றேன். தலையை ஆட்டினார். "அவ எடுக்க மாட்டா தம்பி. எல்லாரையும் விட அவளுக்குத்தான் கண்டிசனாச் சொல்லியிருக்கறன். என்ற பேச்ச அவ இதுவரைக்கும் தட்டுனதில்ல." ஆனாலும் நம்பரை அழுத்தினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மணி ஒருமுறை முழுதாக அடிப்பதற்குள், "சொல்லுங்க" என்ற குரல் கேட்டது.

யார் என்றுகூடக் கேட்கவில்லை முதலாளியம்மா. முதலாளி தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா காரை எடுக்கச் சொல்லி, முதலில் முதலிபாளையம் போய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு, அப்படியே சாயப்பட்டறைக்குப் போயிருக்கிறார். மெஷினுக்குப் பக்கத்தில் துணியை அவிழ்த்து வைத்துவிட்டார்களாம். முதலாளியம்மா நேரில் வந்து நின்றதால்தான் மேனேஜர் நம்பினார். அப்போதும், அம்மா நிஜ அம்மாதானா என்று டிரைவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டாராம்.

அவர்களிடமிருந்து போன் வரும்வரை ஸ்டாலுக்கு வந்தவர்களுக்கு நான் கேட்லாக் கொடுத்தேன். முதலாளி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் வந்தது. "நிறுத்தியாச்சுங்க. ஒரு துணி கூட நனையலீங்க" என்று அந்த அம்மா சொன்னது எனக்கே கேட்டது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூச்சு திரும்பி வந்ததோ இல்லையோ, கணவர்களுக்கே உரிய புத்தி அவருக்கும் வந்துவிட்டது. மனைவியை அதட்ட ஆரம்பித்தார். "வெளிநாட்டு நம்பர் வந்தா எடுக்காதேன்னு சொன்னனா இல்லயா? வேற எவனாச்சுமா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"சொன்னீங்க" என்றார் அந்த அம்மா. "நீங்க ஊட்ல இருக்கறப்ப எந்த நம்பர் வந்தாலும் எடுக்க மாட்டனுங்க. நீங்க அத்தன தூரத்துல இருக்கறப்ப, எந்த நம்பர் வந்தாலும் எடுக்காம எப்படீங்க இருக்கறது?"

முதலாளி, சாப்பிட்டாயா என்று கேட்டார். அங்கிருந்து என்ன பதில் வந்ததோ, வெகுநேரம் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். வைத்த பிறகு பாக்கெட்டிலிருந்து பழைய சிம்மை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதைப் போட்டு ரோமிங் பண்ணிக் குடுங்க தம்பி."

"எத்தனை நாளைக்குங்க?" என்றேன்.

"நான் ஊடு போய்ச் சேர்ற வரைக்கும்."