விக்கிரவாண்டி வரை துரத்திய குட்டியானை

அயர்லாந்தின் கார்க் நகருக்கு நாங்கள் குடிபோன முதல் மாதத்தில், அடுத்த வீட்டு பிரெண்டன் தன் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காரில் அவரைக் கடந்தபோது மரியாதைக்கு ஒரு சின்ன ஹாரன் கொடுத்தேன். எங்கள் ஊர் விழுப்புரத்தில் தெரிந்தவரைக் கண்டும் ஹாரன் அடிக்காமல் போனால்தான் தப்பு. மாலையில் எங்கள் அழைப்புமணி ஒலித்தது. வெளியே பிரெண்டன் நின்றிருந்தார். முகத்தில் கவலை. “காலையில் நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?” என்று கேட்டார். வணக்கம் சொன்னேன் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. அந்த ஊரில் ஹாரன் என்பது வசவு. அவசரத்துக்கு அடிப்பார்கள், ஆத்திரத்துக்கு அடிப்பார்கள், வேறு எதற்கும் அடிப்பதில்லை. கார் ஓட்டி வாரக்கணக்கில் வெளியே சுற்றினாலும் ஒரு ஹாரன்கூடக் காதில் விழாது. நானும் பழகிக்கொண்டேன். நன்றாகவே பழகிவிட்டேன் என்பது போன முறை ஊருக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

மச்சான் குமரனுக்குத் திண்டிவனத்தில் பெண் பார்க்கப் போனோம். அவன் என் மனைவி மலரின் தம்பி. அவனுடைய நண்பனின் காரை வாங்கி வந்திருந்தான். மாப்பிள்ளையே வண்டி ஓட்டிக்கொண்டு போய் இறங்கினால் நன்றாக இருக்காது என்று ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் குமரன், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில், முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் மலர். இடது ஓரத்தில் எங்கள் ஐந்து வயது மகள், பழத்தட்டின் மேல் ஒரு கையைப் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டிருந்தோம். வண்டி கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. அயர்லாந்துச் சாலைக்குப் பழகிய கை என்று என்னையே குறை சொல்லிக்கொண்டேன்.

விழுப்புரம் புறவழிச்சாலையில் ஏறியதும், வேர்க்கடலை மூட்டைகள் ஏற்றிய ஒரு குட்டியானையை முந்தினேன். டாடா ஏஸ் என்னும் சிறிய சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சற்று நேரத்தில் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஹாரன். விடாத ஹாரன். பிறகு முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. நான் வேகத்தைக் கூட்டினேன். அதுவும் கூட்டியது. ஒரு கட்டத்தில் எனக்கு வலப்பக்கமாக வந்து இணையாக ஓடியது. ஓட்டுநர் குனிந்து எங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். ஏற்றியிருந்த கண்ணாடி வழியாக வாய் மட்டும் தெரிந்தது. ஒரு கையைக் கீழே நீட்டி, விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். கீழே இறங்கு, உன்னை ஒரு சுற்று சுற்றுகிறேன் என்று அதை மொழிபெயர்த்துக்கொண்டேன்.

“மாமா, நீ முந்துனது அவனுக்குப் புடிக்கல. மெரிச்சிக்கினு போ” என்றான் குமரன்.

“ஏதோ சொல்றார்ங்க. நிறுத்திதான் கேளுங்களேன்” என்றாள் மலர்.

நான் ஆக்சிலேட்டரை மெரித்தேன். குட்டியானை கண்ணாடியில் சிறுத்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது, இரண்டு வண்டி தள்ளி அதே ஹாரன். ஓட்டுநர் குதித்து ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, தோளில் துண்டு. பெண் பார்க்கப் போகிறவன் என்பதை மறந்து குமரனும் குதித்தான்.

“யோவ், இன்னாய்யா ஒனக்கு? ரோடு ஒங்கப்பன்தா?”

“ஒங்கப்பன்துன்னே வச்சிக்க. மொதல்ல அந்த டயர பாரு.”

பார்த்தோம். பின்பக்க இடது டயர் சப்பி, வளையம் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரப்பர் கருகும் வாசனை அப்போதுதான் தெரிந்தது. அதற்கு நேர் மேலே என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெளிநாடு போகும் முன் விழுப்புரத்தில் நிருபராக இருந்தேன். ‘டயர் வெடித்துக் கட்டுப்பாட்டை இழந்த கார்’ என்று தொடங்கும் செய்திகளை இந்தச் சாலையிலிருந்து நிறையவே எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்குள் உட்கார்ந்து, அதை இன்னும் வேகமாக ஓட்டிவந்திருக்கிறேன்.

ஓட்டுநர் என் பக்கம் திரும்பினார். “எவ்ளோ நேரமா ஆரன் அட்ச்சிக்கினு வர்றேன்! கொயந்தய பின்னால போட்டுக்கினு பறக்கறீங்களே, வெடிச்சிருந்தா இன்னா ஆவறது?”

“நீங்க சண்டைக்கு வர்றீங்கன்னு நெனச்சேன்.”

“சண்டைக்கா? மல்லாட்டய ஏத்திக்கினு எவனாவது சண்டைக்கு வருவானா? நல்ல பேஜாரு!” வரிசை நகர்ந்தது, பின்னாலிருந்தவர்கள் அவர் வண்டியைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். “ஜல்தியா மாத்திக்கினு போங்க” என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டார். நான் நன்றி சொல்வதற்குள் அவர் வண்டி நகர்ந்துவிட்டது.

அயர்லாந்தில் டயரில் காற்றுக் குறைந்தால் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்; பக்கத்து வண்டிக்காரர் எதுவும் சொல்லமாட்டார். எங்கள் சாலையில் அந்த விளக்கு மனிதர்கள்தான். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் போகிறவரை, சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கப் போகிறவரை, யாரென்றே தெரியாத ஒருவர் துரத்திப் பிடித்துச் சொல்லிவிட்டு, திட்டிவிட்டும் போவார். நானே எத்தனையோ பேரை அப்படித் துரத்தியிருக்கிறேன்.

சாவடியைத் தாண்டி ஓரம் கட்டினோம். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மலரிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு குமரன் ஜாக்கி போட்டான். ஸ்டெப்னியை மாட்டி, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டதும் கிளம்பி, கூட்டேரிப்பட்டை நெருங்கினால், டீக்கடையிலிருந்து அதே குட்டியானை சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. நன்றி சொல்லியே தீருவது என்று பின்னால் போனேன். ஹாரன் அடித்தேன். விளக்கைப் போட்டுக் காட்டினேன். குட்டியானை வேகமெடுத்தது.

“மாமா, நாம அடிக்க வர்றோம்னு நெனச்சிக்கினாரு!” குமரன் கண்ணாடியை இறக்கி, இடுப்புவரை வெளியே நீட்டி, இரு கைகளையும் கூப்பினான். மலர் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “டேய், பொண்ணு பாக்கப் போறியா, ஓட்டு கேக்கப் போறியா?”

திண்டிவனம் மேம்பாலத்துக்கு முன் குட்டியானை இடது பக்கச் சாலையில் பிரிந்தது. திரும்பும்போது ஓட்டுநரின் கை வெளியே வந்து, மணிக்கட்டில் ஒரு சுற்று சுழன்று, உள்ளே போனது.

“பாத்தியா, டாட்டா காட்றாரு” என்றான் குமரன்.

“போங்கடான்றாரு” என்றாள் மலர்.

இருவரும் இந்தச் சாலையை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் அல்ல. இங்கே ஒரு கை எப்படி அசைந்தாலும் பொருள் சொல்லத் தெரிந்தவனாக இருந்தேன். இப்போது எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. பதிலுக்கு ஒரு ஹாரன் கொடுக்கலாம்தான். அது அவர் காதில் என்னவாக விழுமோ? கார் மேம்பாலத்தில் ஏறியது. கட்டைவிரல் ஹாரன்மேலேயே இருந்தது. நான் அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.