வரியை முழுசாப் பிடிங்க

சம்பளத்தில் வருமான வரி பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாயிரங்களின் நடுவில், அச்சங்குளத்துக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். வெடிமருந்து கலக்கும் அறைகள் என் பொறுப்பு. அத்தனை பேர் வேலை பார்த்த இடத்தில் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கியவர்கள் ஐந்து பேர்தான்.

ஏப்ரலில் கணக்கர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இந்த வருசம் என்ன சேமிப்புப் போடப் போறீகன்னு இதுல எழுதிக் குடுங்க. அதைக் கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் மாசாமாசம் வரி பிடிப்போம். ஆனா டிசம்பருக்குள்ள ரசீது காட்டணும். இல்லைன்னா கடைசி மூணு மாசத்துல மொத்தமாப் பிடிச்சுருவோம்."

என்னிடம் சேமிப்பு என்று எதுவும் இல்லை. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். பிறகு விருதுநகரில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்த என் சகலைக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரில் எங்கள் ஊர் ஆமத்தூருக்கு வந்துவிட்டார். பெரிய பாலிசி ஒன்று போட்டால் வரி அநேகமாக இல்லாமலே போகும் என்றார். விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக்கொண்டு வந்தவர், தொழில் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"சகல, பட்டாசுன்னு எழுதினா பிரீமியத்தைக் கூட்டுவாங்க. வேண்டாம்னு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க. உங்க முதலாளிக்கு அச்சாபீசும் இருக்குல்ல? அச்சாபீஸ் சூப்பர்வைசர்னு போட்டுருவோம்."

"நான் பயர் ஆபீஸ்லல்லா இருக்கேன்?" பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"அதுவும் ஆபீஸ், இதுவும் ஆபீஸ். யாரு வந்து பாக்கப் போறா?"

வெடிபொருள்களோடு வேலை செய்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு 'இல்லை' என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி அடுப்படியில் அவருக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாலிசிக்குக் கட்டும் பிரீமியத்தைச் சேமிப்பு என்று எழுதி, மறுநாள் கணக்கரிடம் தாளைக் கொடுத்தேன். அந்த மாதத்திலிருந்து வரி என்று பிடித்தது டீச்செலவுக்குக்கூடக் காணாது.

ஜூன் மாதம் ஒரு நாள், பதினோரு மணி இருக்கும், அந்தச் சத்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் வேறு சத்தமாக நினைப்பதில்லை. முதலில் நெஞ்சில் அடிக்கும், பிறகுதான் காதுக்கு வரும். பெண்கள் அறைகளை விட்டு வெளியே ஓடிவந்தார்கள். நான் ஆட்களை எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். தெற்கே புகை எழுந்துகொண்டிருந்தது. வேறொரு கம்பெனி. மூன்று பேர் போய்விட்டார்கள் என்று மத்தியானம் தகவல் வந்தது. அதில் ஒருவர் போர்மேன். நானும் அவரும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போர்மேன் பரீட்சை எழுதியவர்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி தெருமுனையில் நின்றிருந்தாள். அச்சங்குளம் பக்கம் வெடித்துவிட்டது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கம்பெனிக்குப் பேசப் பார்த்திருக்கிறாள், லைன் கிடைக்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்தவள் வீடு வரைக்கும் விடவில்லை. சோறு போடும்போது சொன்னாள்: "அந்தப் பாலிசி இருக்கு, அது ஒண்ணுதான் எனக்குத் தைரியம். இல்லைன்னா இந்த ரெண்டு பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்?"

கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

அன்றிலிருந்து என்னைப் பிடித்த பயம் வேறு மாதிரியானது. செத்துப்போவேன் என்ற பயம் அந்த வேலையில் எப்போதும் உண்டு, அதற்குப் பழகியிருந்தேன். இப்போது செத்த பிறகு நடக்கப்போவது கண்ணுக்குத் தெரிந்தது. இவள் இரண்டு பிள்ளைகளோடு ஒரு மேஜைக்கு முன்னால் நிற்கிறாள். யாரோ அந்த விண்ணப்பத்தைத் திருப்பி, என் கையெழுத்தைக் காட்டி, பொய் எழுதியதால் பணம் கிடையாது என்கிறார்கள். மருந்து அறைக்குள் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் இதுதான் வந்தது. ஒருநாள் அளந்த மருந்தையே மறுபடி அளந்திருக்கிறேன். கலக்கிக்கொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பயந்த கையோடு அந்த அறையில் நிற்பது மற்றவர்களுக்கும் ஆபத்து என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "வரி எம்புட்டு மிச்சமாச்சு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சகலைக்குப் போன் போட்டாள். அவர் கத்தியது கூடப் போய் நின்ற எனக்கே கேட்டது. ஏஜென்சியே போய்விடும் என்றார்.

"உங்க ஏஜென்சிக்காக எம்பிள்ளைகளப் பணயம் வைக்க முடியாது அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

திங்கட்கிழமை இருவரும் விருதுநகர் இன்சூரன்ஸ் கிளைக்குப் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். போலீசுக்குச் சொல்வார்களோ என்றுகூட நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எந்த அறை, என்னென்ன மருந்து, எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் புதுத் தாளில் எழுத வைத்தார்.

"மேல அனுப்புறேன். ரத்து பண்ணினாலும் பண்ணலாம். முடிவு வர ரெண்டு மாசம் ஆகும்."

பொய் எழுதி வாங்கிய பாலிசியைக் காட்டி வரியைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் கணக்கரிடம் போய், பாலிசியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், வரியை முழுசாப் பிடிங்க என்றேன். பேனாவைக் காதில் சொருகியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாரும் கொறைக்கச் சொல்லித்தான் வருவாக. என்ன அண்ணாச்சி, உடம்புக்குச் சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கேன். பிடிங்க."

விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துப் பிடித்தார்கள். அந்த இரண்டு மாதமும் வேலை விட்டு வந்ததும் தபால் வந்ததா என்றுதான் முதலில் கேட்பேன். கையில் பாலிசி உண்டா இல்லையா என்று தெரியாமலே தினமும் காலையில் மருந்து அறைக்குள் போய்வந்தேன். நான் கிளம்பும்போது என் மனைவி வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பார்த்தால் அழுகை வருகிறது என்று பிறகு சொன்னாள்.

கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். பிரிக்காமல் வைத்திருந்தாள். பாலிசியை ரத்து செய்யவில்லை. தொகையைப் பாதியாகக் குறைத்து, தொழிலின் ஆபத்துக்கென்று கூடுதல் பிரீமியம் போட்டிருந்தார்கள். வாசித்துச் சொன்னேன். எனக்கு மூச்சு வந்தது. அவள் முகம் மாறவேயில்லை.

"ஆபத்துக்குன்னு தனியாப் போட்டிருக்காகளே, அம்புட்டு ஆபத்தா? அந்த ரூமுக்குள்ள நீங்க என்னதான் செய்யுறீக?"

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், எதையும் குறைக்காமல். தெருவில் விளையாடிய பிள்ளைகள் வீட்டுக்குள் வரும் வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.