கிணற்றில் நின்ற கந்தக மணம்

சுனாமி வந்து சில கிழமைகளின் பின் முல்லைத்தீவுக் கரையில் கிணறுகளைத் துப்புரவாக்கினோம். கிணறு வெட்டுவது என் தொழில். எல்லாக் கிணற்றிலும் இறங்கினேன். ஒன்றில் மட்டும் இறங்க விடவில்லை. அது அண்ணனின் கிணறு. வீடு போய்விட்டது. அண்ணனும் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை.

அண்ணனின் மனைவி, என் மச்சாள், விடிய முகாமிலிருந்து வந்து கிணற்றடியில் இருப்பார். பொழுதுபட்டால் திரும்புவார். கிணற்றுக்குள்ளிருந்து கூழ்முட்டை மணம் வந்தது.

பக்கத்து வளவுக்காரர் மூக்கைப் பொத்தினார். "என்ன பிள்ளை, கிணத்துக்குள்ள கோழி அடை வைச்சனியோ?"

மச்சாள் திரும்பவில்லை. அவரும் பிறகு பகிடி விடவில்லை.

ஊரில் இரண்டு கதை இருந்தது. கீழே நெருப்பு எரிகிறது, கிணற்றை மூடுங்கோ என்பது ஒன்று. மற்றதை மச்சாளுக்கு முன்னால் ஒருவரும் கதைக்கவில்லை. அண்ணன் உள்ளே கிடக்கிறார் என்பது அது. மச்சாளும் அதைத்தான் நினைத்தார். மூடவும் விடவில்லை, இறைக்கவும் விடவில்லை.

முகாமில் புவியியல் படிப்பிக்கிற சேர் ஒருவர் இருந்தார். கூட்டிவந்தேன். வாளியில் அள்ளி மணந்து பார்த்தார்.

"இது கந்தகம், அக்கா. கடல் தண்ணியில கந்தகம் இருக்கு. அலையோட வந்த தண்ணியும் குப்பையும் காத்துப் படாமல் கிடந்தால் இப்பிடித்தான் மணக்கும்."

"அப்ப கீழ நெருப்பில்லையோ, சேர்?" என்றார் வளவுக்காரர்.

"இஞ்ச இல்லை. எரிமலை சுமாத்திராப் பக்கம். அங்க கடலின்ர அடித்தரை மற்ற நிலத்துக்குக் கீழ போகுது. ரெண்டும் ஒண்டோடொண்டு இறுகி நிண்டு திடீரெண்டு சறுக்கினதாலதான் இந்த அலையே வந்தது. கீழ போற கல்லுக்குள்ள கடல் தண்ணியும் கந்தகமும் கிடக்கு. ஆழத்தில சூடு. கல்லு தண்ணியைக் கக்கும். கந்தகம் அந்தத் தண்ணியில கரைஞ்சு மேல் பாறைக்குள்ள ஏறும். பிறகு எரிமலையால புகையா வரும்."

மச்சாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கடலுக்குள்ள போனது திரும்பி வருமோ?"

சேர் நிலத்தைப் பார்த்தார். "கந்தகம் வரும், அக்கா. அதுவும் முழுக்க இல்லை. கொஞ்சம் இன்னும் கீழ போயிடும். வாறதுக்கும் கனகாலம் எடுக்கும்."

மச்சாள் எழும்பிச் சேலையைத் தட்டினார். "தம்பி, இறங்கிப் பார்."

தண்ணீரை இறைத்தோம். கெட்ட காற்று நிற்கிற கிணற்றில் உடனே இறங்கக்கூடாது. வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுப்போம். காற்றுக் கலையும். பிறகு விளக்கை இறக்குவோம். விளக்கு அணைந்தால் இறங்குவதில்லை. அன்று கொத்தை மச்சாளே இழுத்தார். கேட்டும் கயிற்றை என்னிடம் தரவில்லை.

விளக்கு நின்று எரிந்தது. இறங்கினேன். கறுத்த சேறு. தென்னோலை, வலைத்துண்டு, நெளிந்த பானை. எல்லாம் வாளியில் மேலே போயின. வெள்ளை மணல் தட்டும்வரை கையால் துழாவினேன்.

மேலே குனிந்து நின்றவரின் முகம் தெரியவில்லை.

"இல்லை, மச்சாள்."

"வடிவாப் பாத்தியோ?"

"ஓம்."

வாளிக் கயிறு மேலே போனது.

"அப்ப கடலிலதான்," என்றார்.

பிறகு கடற்கரையில் அண்ணனுக்குக் கிரியை செய்தோம். ஐயர் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கேட்டார். மச்சாள் நடந்துபோய் அந்தக் கிணற்றிலேயே அள்ளிக்கொண்டு வந்தார். இன்னும் கொஞ்சம் மணந்தது. ஐயர் அதையே வாங்கிக் கிரியையைத் தொடங்கினார்.