முதல் மடக்கு

எஸ்தர், இதை யாருக்கும் காட்டாதே. உன் நைனாவுக்கு மட்டும் மெதுவாகப் படித்துச் சொல்லிவிட்டு அடுப்பில் போட்டுவிடு. கோட்டையில் யார் கண்ணிலாவது பட்டால் நான் தொலைந்தேன்.

உன் அக்கா மரியாள் இறந்த செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நாம் அருகருகே உட்கார்ந்திருந்தோம். கோட்டைச் சேவகன் வாசலில் நின்று, "சமையக்காரி பூட்டா. தொரையோட சாராயத்தத் திருடிக் குடிச்சிருக்கா" என்றான். நீ அழுதுகொண்டே ஓடினாய். நான் அசையவில்லை. அவன் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும்.

வாடைக் காற்று தொடங்கியதிலிருந்து துரைக்கு மாலையானால் சாக்லேட் வேண்டும். பள்ளி விட்டதும் அக்காவுக்கு ஒத்தாசையாக அடுப்படிக்குப் போகும் நான், கப்பலில் வரும் கறுப்புக் கட்டியைச் சுரண்டித் தருவேன். அக்கா அதைப் பாலும் வெல்லமும் பட்டையும் சேர்த்துக் காய்ச்சி, மத்தால் நுரை வரக் கடைந்து, கடைசியில் கொஞ்சம் சாராயம் ஊற்றுவாள். ஒரு நாள் நான் அவசரப்பட்டு, அடுப்பில் இருக்கும்போதே சாராயத்தை ஊற்றிவிட்டேன். குப்பென்று பற்றி என் புருவம் கருகியது. "இன்னாடி, தொரைக்கு சாக்லேட்டா, சொக்கப்பானையா? எறக்கி வச்சிட்டு ஊத்துடி. இந்த மூஞ்சிய இனிமே எவன் கட்டுவான்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

காய்ச்சியவள் முதலில் ஒரு மடக்கு குடிக்க வேண்டும். நூறு எண்ணும்வரை அவள் நன்றாக நின்றால்தான் கோப்பை உள்ளே போகும். அது அந்த வீட்டு வழக்கம். எண்ணுவது என் வேலை. "தொரைக்கு உசுரு மேல ஆச, எனக்கு சாக்லேட்டு மேல ஆச" என்பாள் அக்கா.

அக்கா இறந்த அன்று மாலை சாராயக் குப்பியைத் துபாஷி தன் கையாலேயே கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் அடுப்படிக்கு வந்ததே இல்லை. அக்கா குடித்தாள். நான் அறுபது எண்ணும்போது அவள் உதடு நீலமாகிவிட்டது. கோப்பையைச் சாம்பலில் கவிழ்த்தாள். "நீ ஒண்ணும் பாக்கல. ஓடு" என்றாள். நான் ஓடிவிட்டேன்.

துரை உயிரோடிருப்பது உன் அக்காவால். அதை அவரிடம் சொல்லவும் வழியில்லை. நம் பேச்சை அவருக்கு ஒல்லாந்து மொழியில் சொல்பவர் அந்தத் துபாஷிதான்.

மூன்று நாளாக நான்தான் காய்ச்சுகிறேன். ஆனால் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை, எஸ்தர். மத்தை வைத்துவிட்டுத் திரும்பினால் கோப்பையில் ஒரு மடக்கு குறைந்திருக்கிறது. நுரையில் உதடு பட்ட தடம். பிறகு என் முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்ல எண்ணுகிறார்கள். முதல் நாள் அலறினேன். நேற்று நானும் சேர்ந்து எண்ணினேன்.

இன்று துபாஷி மறுபடியும் ஒரு குப்பியோடு வந்தார். எண்ணிக்கை அறுபதில் நின்றுவிட்டது. கோப்பையைக் கவிழ்த்துவிட்டேன். அவர் சாம்பலைப் பார்த்தார். "கை தவறிச்சா, பொண்ணே? பரவால்ல. ராவுக்கு இன்னொரு தபா காச்சு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அக்காவின் சேலையும் வளையலும் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துணிச்சல்தான். இனி ஓட மாட்டேன். பள்ளி ஜெபத்தில் 'தீமை' என்பதற்கு ஒல்லாந்துச் சொல் படித்தோமே, அது எனக்கு மறக்கவில்லை. துரையின் முன்னால் துபாஷியை நோக்கிக் கைநீட்டி அந்த ஒரு சொல்லைச் சொல்வேன். துரைக்கே புரியும் சொல் அது; துபாஷி அதை வேறாக மாற்றிச்—

கதவைத் தட்டுகிறார்கள். "பொண்ணே, அடுப்பு மூட்டியாச்சு. வா." எஸ்தர், இதை ஜன்னல் வழியாகப் பால்காரியின் கூடையில்—