பந்தை விட்டுத் தையலைப் பார்த்தேன்

மகள் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனதிலிருந்து, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நாங்கள் இருவரும் லேப்டாப்பில் கால்பந்து ஆடுகிறோம். அவள் அங்கிருந்து, நான் திருப்பூரிலிருந்து. ஆடிக்கொண்டே பேசுவோம். வாரத்தில் அவள் நிதானமாகப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்த விளையாட்டு ஆண்டுதோறும் புதிதாக வருகிறது. இந்த ஆண்டுப் பதிப்பை அவள் வாங்கி, இடம் போதாமல் பழையதை அழித்துவிட்டாள். பழையதிலிருந்து புதியதோடு ஆட முடியாது. நான் வாங்காவிட்டால் ஞாயிறு ஆட்டம் நின்றுவிடும்.

“எனக்காக வாங்காதீங்கப்பா. லீவுக்கு வாரப்ப லேப்டாப்பக் கொண்டாரேன். வித்தியாசம் இருந்தா வாங்குங்க” என்றாள்.

பனியன் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. ஒப்புதல் பெற்ற மாதிரி பனியனை மேசையில் விரித்து, புதிதாகத் தைத்து வந்ததை அதன்மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவள் வந்ததும் இரண்டு லேப்டாப்பையும் சாப்பாட்டு மேசையில் அருகருகே வைத்தேன். இரண்டிலும் ஒரே அணி, ஒரே மைதானம். நோட்டில் ஒப்பிட வேண்டியவை பதினெட்டு வரி.

புல், மாற்றமில்லை. வர்ணனை, அதே குரல். கூட்டத்தில் ஒரு பச்சைச் சட்டைக்காரர் இரண்டிலும் ஒரே மாதிரி எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு இருவரும் அவளுடைய லேப்டாப்பில் ஆட உட்கார்ந்தோம். நான் ஜெர்சியில் நின்றுவிட்டேன். போன ஆண்டு கழுத்துக்கு உடம்புத் துணியையே மடித்திருந்தார்கள். இப்போது தனியாகப் பின்னி வைத்துத் தைத்த ரிப் பட்டி. கை ஓரத்தில் இரட்டைத் தையல்கூடத் தெரிந்தது. ஆனால் பக்கவாட்டில் தையலே இல்லை. குழாய் போலப் பின்னிய துணியா, வரைந்தவர் மறந்துவிட்டாரா?

“அப்பா, பந்தப் பாருங்க. ரெண்டு கோல் போட்டுட்டேன்.”

“சைடுத் தையலக் காணோம் கண்ணு.”

அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். “ஏனுங்க, அப்ப அந்தப் பதினொரு பேரையும் ரிஜெக்ட் பண்ணிப் போடறீங்களா?”

நோட்டை மூடிவிட்டு ஒழுங்காக ஆடினேன். எனக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். வலது ஓரமாகவே ஓடி, மூலையிலிருந்து தரையோடு பந்தைத் தள்ளிவிட வேண்டும். பழைய பதிப்பில் கோல்கீப்பர் அசையவே மாட்டார். நடுவில் நிற்பவர் கோல் போட்டுவிடுவார். இதில் அவர் முன்னால் வந்து குனிந்து எடுத்துக்கொண்டார். ஆறு முறை முயன்றேன், ஆறு முறையும் எடுத்தார். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றேன்.

“இது தெரிஞ்சுதான் புதுசுக்கு மாறுனியா?”

“பின்னே? வருசம் பூரா அதே மூலை, அதே கோலு. எத்தன தடவைதாங்கப்பா வாங்கறது?”

பதினெட்டு வரியில் பதினாறு ‘மாற்றமில்லை’. ஜெர்சிக்காக யாரும் வாங்க வேண்டியதில்லை. மற்ற யாராவது என்னைக் கேட்டால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாங்கினால் போதும் என்றுதான் சொல்வேன். ஆனால் கோல்கீப்பர் என்ற வரியில் என் பேனா நின்றது. இவர் எந்தப் பக்கம் வர மாட்டார்? அவள் ஊருக்குப் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை வாங்கிவிட்டேன்.

ஞாயிறு நான்கு மணிக்கு ஆடினோம். நான்குக்கு ஒன்று. என் ஒரு கோல் இடது பக்கத்திலிருந்து உயரமாகப் போனது.

“அதெப்படிப்பா போச்சு?” என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. திரையில் அந்தக் கோலைத் திரும்பக் காட்டியபோது, நான் கோல்கீப்பரின் கால்களை மட்டும் பார்த்தேன்.