தம்மபாலனின் பலகைக்கு மூச்சு முட்டிய கதை

தம்மபாலனுக்குப் பூமிக்குள் இறங்குவதில் பயமே கிடையாது. தங்கவயல் சுரங்கத்தில் பாறை சரியாமல் மர முட்டுக் கொடுப்பது அவன் வேலை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி, காது அடைக்க அடைக்கக் கீழே போய், உடம்பு வேகிற வெக்கையில் கட்டைகளை அறுத்து நிறுத்திவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் சீட்டியடித்துக்கொண்டு மேலே வருவான். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு முழங்கால் அளவு தண்ணீரைக் கண்டால் தொடை நடுங்கும். பாலகாட் தொழிலாளர் லைன் வீட்டில், குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்?

கட்டிக்கொண்டதோ பூதிகோட்டைப் பெண்ணை. நாகம்மாவின் அப்பா வீடு ஏரிக்கரையை ஒட்டினாற்போல இருந்தது. நடக்கப் பழகும் முன்பே அவள் நீந்தப் பழகிவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், ஆனாலும் அவளுக்கு ஈடாக நீந்த அங்கே ஆண்பிள்ளைகளே கிடையாது என்பது நிஜம்.

ஏரி நிரம்பிக் கோடி போகிற வருஷத்தில், கலங்கல் மேல் தண்ணீர் வழியத் தொடங்கியதும் பூதிகோட்டையில் கங்கம்மாவுக்குப் பூஜை போடுவார்கள். பூஜை முடிந்ததும் ஊரே ஏரியில் இறங்கும். கட்டிக்கொடுத்த பெண்களும் மருமகன்களும் வந்தாக வேண்டும். கல்யாணமான வருஷம் தம்மபாலனும் போனான். போய், எல்லோருடைய துணிமணிக்கும் காவலாகக் கரையில் உட்கார்ந்தான். நாகம்மாவின் அண்ணன் கங்காதரன் தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, "மாப்ள, துணி பத்திரம்" என்றான். அதற்கு ஏரியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அதுகூட அவனுக்குப் பெரிதில்லை. நாகம்மா இறங்கவில்லை, அதுதான் உறுத்தியது. தலைவலி என்றாள். அடுத்த தடவை ஏரி நிரம்பியபோதும் அதே தலைவலி. புருஷனைக் கரையில் தனியாக உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் போய் நீந்த அவளுக்கு மனசு வரவில்லை. இது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் ஏரியைப் பார்த்த பார்வையை நினைத்துக்கொண்டால் அவனுக்குச் சோறு இறங்காது. என்ன ஆனாலும் அவளைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டான்.

வழி கிடைத்தது வறுகடலைப் பொட்டலத்தில். ஆண்டர்சன்பேட்டைக் கடையில் கடலை மடித்துக் கொடுத்த வெளிநாட்டுப் பத்திரிகைத் தாளில் ஒரு படம். கடலில் ஒருவன் நீளமான பலகை மேல் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறான். தம்மபாலன் கடலையைச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு தாளை வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தான்.

சுரங்க ஸ்டோரில் வேலை பார்த்த மாணிக்கராஜ் அவன் சிநேகிதன். மெஷின் வந்த பெட்டிகளுக்குள் வைத்திருந்த தெர்மாகோல் பாளங்கள் குப்பைக்குப் போக இருந்தன. கேட்டதும் கொடுத்துவிட்டான். தம்மபாலன் பாளங்களை இழைத்துச் சேர்த்தான். டீத்தூள் பெட்டியின் பிளைவுட்டை அறுத்து மேலும் கீழும் ஒட்டினான். ஓரத்துக்குச் சட்டம் அடித்து, இடுக்குகளை மெழுகால் அடைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் நுழைய வழியில்லாதபடி பெயின்ட் மேல் பெயின்டாகப் பூசினான். லைன் சனங்கள் வந்து பார்த்து, கட்டிலா என்றார்கள், கதவா என்றார்கள். இது என்ன என்று நாகம்மா கேட்டதற்கு, "உன் தலவலிக்கு மருந்து" என்றான்.

அந்த ஐப்பசியில் மழை அள்ளிக் கொட்டியது. பூதிகோட்டையிலிருந்து ஏரி கோடி போகிற சேதி வந்தது. பஸ் கூரை மேல் பலகையைக் கட்டிக்கொண்டு போய் இறங்கினார்கள். மழை விட்ட பிறகு அடிக்கிற வெயில் சுள்ளென்று உறைக்கும். தம்மபாலன் பலகையைக் கரையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கிடத்தினான். ஏரி நடுவில் இருந்த பாறைத் திட்டைக் காட்டி, அதைத் தொட்டுவிட்டு வரப்போவதாக மச்சானிடம் அளந்துவிட்டுப் பூஜைக்குப் போனான்.

திரும்பி வந்து பார்த்தால் பலகைக்கு வயிறு தள்ளியிருந்தது. மேல் பிளைவுட் தெர்மாகோலை விட்டு எழும்பி, டக் டக்கென்று சத்தம் வேறு. கங்காதரன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னா மாப்ள, பலகைக்கு இது எத்தினியாவது மாசம்?"

கரையெல்லாம் சிரிப்பு. தம்மபாலனுக்கு முகம் சுருங்கிவிட்டது. குனிந்து வயிற்றைத் தடவிப் பார்த்தவன் சட்டென்று நிமிர்ந்தான். இந்தக் கூத்தை அவன் சுரங்கத்தில் பார்த்தவன்தான். மேலே இறுக்கி மூடிய சோற்று டப்பாவைக் கீழே கொண்டுபோனால் அங்கே இருக்கிற காற்றின் அழுத்தத்தில் மூடி உள்ளே கவ்விக்கொள்ளும், இரண்டு பேர் பிடித்து இழுத்தாலும் வராது. கீழே மூடியதை மேலே கொண்டுவந்தால் டப்பென்று மூடி தெறிக்கும். அதனால் கேஜில் ஏறுகிற எவனும் டப்பாவை இறுக்குவதில்லை. காற்று போய்வர ஒரு நூல் இடம் விட்டுத்தான் மூடுவான். வெயிலில் காய்ந்த பலகைக்குள்ளும் காற்று பெருத்து, போக வழியில்லாமல் முட்டிக்கொண்டிருக்கிறது. இரும்புபோல அடைத்தது அவன் கைதானே.

யாரிடமோ ஒரு ஆணி வாங்கி, வால் பக்கத்தில் கல்லால் தட்டித் துளை போட்டான். புஸ்ஸென்று காற்று வந்தது. வயிறு மெல்ல மெல்ல இறங்கியது. சிரித்தவர்களே கைதட்டினார்கள்.

நாகம்மா வேப்பங்குச்சி ஒன்றைச் சீவி எடுத்து வந்து நீட்டினாள். பலகையை நிழலில் போட்டுக் கொஞ்சம் ஆறவிட்டு, இந்தக் குச்சியால் துளையை அடைத்துக்கொண்டு போகச் சொன்னாள். தம்மபாலன் கேட்பானா? தொழில் தெரிந்தவன் ஆயிற்றே.

"மூடினா மறுபடி உப்பிக்கும். எங்க கேஜ்ல எவனும் மூடிய இறுக்க மாட்டான்."

"கேஜ்ல தண்ணி இல்லிங்களே."

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், குச்சியை மட்டும் காதில் செருகிக்கொண்டு, பலகையோடு இறங்கிவிட்டான்.

முதலில் எல்லாம் அருமையாகப் போயிற்று. வாழ்நாளில் முதல் தடவையாகத் தண்ணீர் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. பயம் போய்ச் சிரிப்பு வந்தது. பாதி தூரம் போனபோது வால் பக்கம் கனத்தது. சூடாக இருந்த பலகை குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் உள்ளே காற்று சுருங்கி, துளை வழியாக ஏரியைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. குச்சி காதில் இருக்கிறது, துளை காலடியில் இருக்கிறது. திரும்பினால் கவிழும். கத்தலாம், ஆனால் கரையில் மச்சான் இருக்கிறானே. பலகையைக் கட்டிக்கொண்டு புத்தபகவானை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

நாகம்மா புடவையை வரிந்து கட்டியதை யாரும் பார்க்கவில்லை. தொப்பென்ற சத்தம்தான் கேட்டது. அண்ணன் தண்ணீரில் கால் வைப்பதற்குள் அவள் பாதி தூரம் போயிருந்தாள். புருஷன் காதிலிருந்த குச்சியை உருவி, ஒரு முங்கு முங்கித் துளையை அடைத்துவிட்டு, தலையைச் சிலிர்த்துக்கொண்டு மேலே வந்தாள். அவள் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தைத் தம்மபாலன் அதுவரை கண்டதில்லை.

"கரைக்கா, திட்டுக்கா?" என்று கேட்டாள்.

தொடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "திட்டுக்கு" என்றான்.

அவன் கையால் துழாவ, அவள் பின்னாலிருந்து காலை உதைத்துத் தள்ள, பலகை திட்டைத் தொட்டது. கரையில் துணிமணிக்குக் காவலாகக் கங்காதரன் நின்றுகொண்டிருந்தான்.

பிற்பாடு அந்தத் துளைக்கு ரப்பர் வளையத்தோடு ஒரு பித்தளைத் திருகாணி வந்தது. கரையில் திறப்பது, ஆறிய பிறகு மூடுவது, மூடின பிறகே தண்ணீரில் விடுவது என்று சட்டமும் வந்தது. ஏரி நிரம்புகிற வருஷமெல்லாம் பலகை பூதிகோட்டைக்குப் போய்வந்தது. அதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்கு அவன் பாறை மேல் உட்கார்ந்து பலகை குடித்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தான். நாகம்மா திட்டைச் சுற்றிச் சுற்றி நீந்தினாள். மல்லாந்து மிதந்தாள், முங்கினாள், எங்கேயோ போய் எழுந்தாள். கரையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை. வெயில் சாய்ந்த பிறகும் அவள் ஏறுகிற மாதிரி தெரியவில்லை. தம்மபாலன் குனிந்து, தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"எந்தத் தலவலி?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடியும் முங்கினாள்.