கஸ்டமர் கண்ணில் படக்கூடாத சிவப்பு

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் இருந்தது: கஸ்டமர் கண்ணில் சிவப்பு எழுத்து படக்கூடாது. உள்ளே எது உடைந்தாலும் திரையில் பச்சை டிக் வர வேண்டும். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மூன்று வருடம் நானும் தலையாட்டினேன்.

இலுப்பூர் கடைத்தெருவில், ஒரு மாடியில் ஐந்து பேர். விவசாயிகள் நெல் அறுக்கும் வண்டியை போனிலேயே பதிவு செய்ய ஒரு வலைத்தளம் நடத்தினோம். பதிவு விழுந்ததும் அதற்காகவே காத்திருக்கும், ஜாவாவில் எழுதிய லிசனர் என்ற நிரல் ஒன்று விழித்துக்கொண்டு வண்டி ஓட்டுநருக்குச் செய்தி அனுப்பும்.

ஒருநாள் காலை வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "பதிவாயிருச்சுன்னு காட்டுதும்மா. ரெண்டு நாளா வரப்புலயே நிக்கிறேன், வண்டியக் காணோம். மேகம் வேற கட்டிக்கிட்டு வருது."

"அங்கிட்டு சிக்னல் இருக்காது. காத்திருக்கச் சொல்லுங்க" என்றார் மேலாளர், என் பக்கம் திரும்பாமலேயே.

நான் அந்த அம்மாவின் ஊரைப் போட்டுப் பதிவு செய்து பார்த்தேன். பச்சை டிக் வந்தது, செய்தி போகவில்லை. சோதிக்கும்போதெல்லாம் நாங்கள் சோம்பேறித்தனமாக இலுப்பூர் என்றே போட்டிருந்தோம். ஊர்ப்பெயருக்கு ஒதுக்கிய இடம் வல்லத்திராக்கோட்டைக்குப் போதவில்லை. லிசனர் 'எக்ஸெப்ஷன்' என்று பிழையை எறிந்து அலறியிருக்கிறது. அதைப் பிடித்து எங்களுக்குச் சொல்ல வேண்டிய 'கேட்ச்' பகுதியில் ஒரு வரிகூட இல்லை. முழுசாக விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. எந்தப் புண்ணியவான் எழுதியது என்று தேடினேன். நானேதான். வெட்கமாக இருந்தது.

ஓட்டுநரைப் பிடித்து விவரம் சொல்லிவிட்டு அந்த அம்மாவைக் கூப்பிடும்போது மதியமாகிவிட்டது. அதற்குள் மழை முந்திக்கொண்டது. பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. "ஒங்க போன்ல தப்பு இல்லம்மா. தப்பு எங்களோடது, நான் எழுதுனது" என்றேன்.

அவர் திட்டவில்லை. "வண்டி வராதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நாலு ஆளக் கூட்டி அருவாளாலயே அறுத்துருப்பேனேம்மா" என்றார்.

அன்றே ஊர்ப்பெயருக்கான இடத்தை நீட்டினேன். காலியாகக் கிடந்த மற்ற கேட்ச்களையும் தேடித் தேடி நிரப்பினேன். 'ஓட்டுநருக்குத் தகவல் போகவில்லை. வேறு வண்டி பாருங்கள்' என்று பளிச்சென்று சிவப்பில் வரும்படி செய்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மறுநாள் மேலாளர் கத்தினார். "வேற வண்டி பாருங்கன்னு நம்மளே சொல்றதா? பாத்ததும் ஓடிருவாங்க. எடுங்க அத!"

"ஓடட்டும் சார். ஓடுனாத்தான் அவுக நெல்லு வீடு வந்து சேரும். நான் எடுக்க மாட்டேன்."